ஒரே அளவு, ஒரே நிறம்: விலை மட்டும் ஏன் பத்து மடங்கு?

கேள்வி – பதில்: கிற்றார் பழகுவோருக்கும் திருத்துவோருக்கும்

கேள்வி: வணக்கம் ரீச்சர். மகள் தரம் ஒன்பதில் படிக்கிறாள். கிற்றார் பழக ஆசைப்படுகிறாள். போன மாதம் கொழும்புக்குப் போன இடத்தில் ஒரு கடையில் ஏறி விலை கேட்டோம். சுவரில் இரண்டு கிற்றார் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒரே அளவு, ஒரே மஞ்சள் நிறம், இரண்டிலும் ஆறு கம்பி. ஒன்று 32,000 ரூபா. மற்றது 3,20,000 ரூபா. ஏன் என்று கேட்டேன். "அது பெரிய கொம்பனி" என்றதோடு பேச்சை முடித்துவிட்டார்கள். பெயருக்காகவா இவ்வளவு காசு? அதை வாங்கிக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு ஒழுங்காக வாசிக்க வருமா?
– ஒரு தகப்பன், உவர்மலை

பதில்: பெயருக்கும் கொஞ்சம் காசு போகிறது ஐயா, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்து மடங்கு வித்தியாசத்துக்குப் பெயர் மட்டும் காரணமில்லை.

போன கிழமை கிற்றார் திருத்துகிற என் மேசையில் இப்படித்தான் இரண்டு கிற்றார் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று பாலையூற்றுத் தேவாலயத்தில் பாடுகிற ஒரு பிள்ளையுடையது, நீங்கள் பார்த்த 32,000 ரூபா வகை. மற்றது நிலாவெளியில் ஹோட்டலில் வாசிக்கிற தம்பி ஒருவருடையது, வெளிநாட்டிலிருந்து சித்தப்பா அனுப்பியது. இரண்டிலும் கம்பியைக் கழற்றினேன். உங்கள் கடிதமும் பக்கத்தில்தான் இருந்தது.

முதலில் நடுவில் இருக்கிற வட்டத் துளையின் விளிம்பைப் பாருங்கள். நிலாவெளித் தம்பியின் கிற்றாரில், மேல்பலகையில் நீளமாக ஓடும் மரத்தின் ரேகை அந்த விளிம்பிலும் விட்டுப்போகாமல் அப்படியே கீழே இறங்குகிறது. ஒரே மரம். மற்றக் கிற்றாரின் விளிம்பில் புத்தகத்தை மூடி வைத்தால் தாள்களின் ஓரம் தெரியுமே, அதுமாதிரி அடுக்கு தெரிகிறது. மூன்று மெல்லிய தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை அது. மேல் தகடு மட்டும் பார்வைக்கு நல்ல மரம். கடையில் தொங்கும்போது இரண்டும் ஒரே மாதிரித் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி விரல் மொளியால், மேல்பலகையில் கம்பிகளைப் பூட்டியிருக்கிற பிரிட்ஜ் என்ற துண்டுக்குப் பக்கத்தில் மெதுவாகத் தட்டுங்கள். முழுமரத்தில் ஒரு ஆழமான சத்தம் எழும்பிக் கொஞ்ச நேரம் நின்று அடங்கும். ஒட்டுப்பலகையில் 'டக்' என்று அங்கேயே நின்றுவிடும்.

இதில் விலை எங்கே வருகிறது? ஆறு கம்பியும் சுருதி சேர்ந்து நிற்கும்போது அவை இழுக்கிற மொத்தப் பலம் கிட்டத்தட்ட 70 கிலோ. ஒரு வளர்ந்த ஆள் இரவும் பகலும் அந்த பிரிட்ஜில் தொங்கிக்கொண்டிருப்பது போல. அதைத் தாங்குவது மூன்று மில்லிமீற்றர்கூட இல்லாத ஒரு பலகை. தடிப்பாக வைத்தால் நன்றாகத் தாங்கும், ஆனால் அதிராது. மெல்லியதாக வைத்தால் நன்றாக அதிரும், ஆனால் ஒருநாள் வளைந்து குழிந்துபோகும். கிற்றார் செய்கிறவருடைய முழு வேலையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

மலிவுக் கிற்றார் செய்கிற தொழிற்சாலையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் செய்வது பாலைவன நாட்டுக்குப் போகுமா, எங்கள் கடற்கரைக்கு வருமா என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த விலையில் ஒன்று பழுதாகித் திரும்பி வந்தாலே நட்டம். அதனால் எங்கே போனாலும் வெடிக்காத ஒட்டுப்பலகையை எடுத்து, உள்ளே கனமான சட்டங்களை ஒட்டி, மேலே தடித்த பூச்சுப் பூசி அனுப்புகிறார்கள். கிற்றார் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் சேர்ந்து சத்தத்தை அமத்திப் பிடிக்கிறது.

விலை கூடிய கிற்றாரின் வயிற்றுக்குள் சின்னக் கண்ணாடியும் டோர்ச்சும் வைத்துப் பார்த்தால் வேறு உலகம். மேல்பலகையின் அடியில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு சட்டங்கள் குறுக்கே போகும். 1840களில் அமெரிக்காவில் மார்ட்டின் கொம்பனி கொண்டுவந்த அமைப்பு, இன்றுவரை உருக்குக் கம்பிக் கிற்றார்களில் பெரும்பாலானவை அதைத்தான் பின்பற்றுகின்றன. மலிவுக் கிற்றாரிலும் அதே பெருக்கல் குறிதான். ஆனால் அதில் சட்டம் சதுரமாக, வெட்டிய வாக்கிலேயே கிடக்கிறது. பசையும் ஓரத்தில் வழிந்து காய்ந்திருக்கிறது. தம்பியின் கிற்றாரில் ஒவ்வொரு சட்டமும் உளியால் சீவப்பட்டு, நடுவில் உயர்ந்து, ஓரத்துக்குப் போகப்போகக் கத்தி முனை மாதிரி மெலிகிறது. மிருதங்கத்துக்கு வார் பிடிக்கிறவர் தட்டித் தட்டிக் கேட்டுப் பிடிப்பாரே, அதே மாதிரி சீவுவதும் தட்டுவதும் கேட்பதுமாக ஒருவர் அதில் மினக்கெட்டிருக்கிறார். ஒவ்வொரு பலகையும் வேறு வேறு என்பதால் இந்த வேலையை அளவு கொடுத்து முடிக்க முடியாது. நீங்கள் கொடுக்கிற கூடுதல் காசில் பெரிய பங்கு இந்த மணித்தியாலங்களுக்குத்தான் போகிறது.

மரத்துக்கும் விலை இருக்கிறது. மேல்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்புரூஸ் என்ற குளிர்நாட்டு மரம். எடை குறைவு, விறைப்பு அதிகம், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கிடைப்பது அருமை. ரேகை நெருக்கமாகவும் நேராகவும் ஓடவேண்டும். பலகையை நடுமரத்திலிருந்து சுற்றுவட்டத்தை நோக்கி அறுக்கவேண்டும். ஒரு துண்டை இரண்டாகப் பிளந்து, புத்தகத்தை விரிப்பது போல விரித்து, நடுவில் ஒட்டுவார்கள். அதற்கு மிகவும் வயதான, பருத்த மரம் தேவை. அறுத்த பலகை உலர்ந்து அடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். தஞ்சாவூரில் ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கும், துண்டு துண்டாகச் செய்து ஒட்டிய வீணைக்கும் விலை வேறுபடுவது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததுதானே.

முதுகுப் பலகைக்கும் பக்கப் பலகைக்கும் வந்தால் நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்வேன். விலை மிகவும் கூடிய கிற்றார்களில் ரோஸ்வூட் போடுகிறார்கள். பிரேசில் ரோஸ்வூட் அரிதாகிப் போனதால் மார்ட்டின் கொம்பனி 1969இல் இந்திய ரோஸ்வூட்டுக்கு மாறியது. எங்கள் தமிழில் அது ஈட்டி மரம், தென்னிந்திய மலைக்காட்டில் வளர்வது. பிரேசில் மரத்தின் சர்வதேச வியாபாரம் 1992இல் தடையானது. இந்த அருமை விலையை ஏற்றுகிறது, சரி. ஆனால் சத்தத்தை? 1862இல் ஸ்பெயினில் தோரெஸ் என்ற கிற்றார் ஆசாரி, முதுகையும் பக்கத்தையும் கடதாசிக் கூழில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டு ஒரு கிற்றார் செய்தார். சத்தம் மேல்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டத்தான் அப்படிச் செய்தார். 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகு மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிற்றார்களை 52 பேரிடம் கொடுத்தார்கள். மரம் தெரியாமல் இருக்க மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடியும் போட்டு வாசிக்கச் சொன்னார்கள். மலிவு மரமும் விலை கூடிய மரமும் மதிப்பெண்ணில் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. அதனால் ரோஸ்வூட் வடிவாக இருக்கிறது என்று ஆசைப்பட்டு வாங்குங்கள், அது நல்ல ஆசை. சத்தத்துக்காக என்று நினைத்து அதற்குக் காசு கொடுக்கவேண்டாம்.

இனி மகளுடைய விஷயம். என் முதல் கிற்றாரை நான் பதினாறு வயதில் வாங்கினேன். அப்பா தச்சு வேலைக் கூலியில் சேர்த்த காசு. கம்பி பலகையிலிருந்து அவ்வளவு உயரத்தில் நின்றது. ஒரு விரலால் பல கம்பிகளை ஒன்றாக அமத்துகிற எஃப் கோர்ட் பிடித்தால் விரல் நுனி வெட்டுப்படும். ஒரு வருடம் அழுதழுது பழகினேன். எனக்கு வாசிக்க வராது என்று நானே முடிவு கட்டிக் கிற்றாரை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். அப்பாவோடு வேலை செய்த பறங்கியத் தச்சர் ஒருவர், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுவோம், ஒருநாள் அதை இறக்கிப் பார்த்தார். பிரிட்ஜில் கம்பி ஏறி நிற்கிற பிளாஸ்டிக் துண்டைக் கழற்றி, அடிப்பக்கத்தை அரத்தாளில் தேய்த்தார். கழுத்துக்குள் இருக்கிற இரும்புக் கம்பியை ஒரு சாவியால் கால் சுற்று இறுக்கினார். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அன்று பின்னேரம் எனக்கு எஃப் கோர்ட் கேட்டது. இந்தத் தொழிலுக்கு நான் வந்தது அந்தப் பின்னேரத்தால்தான்.

அதனால் கடைக்குப் போகும்போது மூன்று வங்கி அட்டைகளை எடுத்துக்கொண்டு போங்கள் ஐயா. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் இரண்டேகால் மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற பிரெட் கம்பிகளில் பன்னிரண்டாவதுக்கு மேல் அதை வைத்து, தடித்த கம்பிக்குக் கீழே நுழையுங்கள். மட்டுமட்டாகப் போனால் நல்லது. ஐந்தாறு அட்டை போகிற இடைவெளி இருந்தால், அது மூன்று இலட்சமாக இருந்தாலும் பிள்ளையின் கைக்கு ஆகாது. திருத்திய பிறகுதான் கொடுக்கவேண்டும். விலை கூடிய கிற்றாரில் இந்த வேலையைச் செய்தே அனுப்புவார்கள். பிரெட் கம்பிகளை ஒரே மட்டத்துக்கு அராவி, முனைகளை மழுக்கி, கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் ஏறிப்போகிற நட்டில் எலும்புத் துண்டு வைத்து வரும். மலிவானதில் அது நடந்திருக்காது, நீங்கள்தான் செய்விக்கவேண்டும்.

என்ன வாங்கலாம் என்று கேட்டால், மேல்பலகை மட்டும் முழு ஸ்புரூஸ், முதுகும் பக்கமும் ஒட்டுப்பலகை என்ற நடு வகையை எடுங்கள். யமஹாவின் எஃப்ஜி 800 அப்படிப்பட்டது, வேறு கொம்பனிகளிலும் உண்டு. 32 ஆயிரத்திலிருந்து அந்த வகைக்கு ஏறும்போது காது உணர்கிற வித்தியாசம்தான் மிகப் பெரியது. அங்கிருந்து மூன்று இலட்சத்துக்கு ஏறினால் இன்னும் நல்லது கிடைக்கும், ஆனால் அதைக் கேட்டு அறியப் பழகிய காது வேண்டும். மகள் நாலைந்து வருடம் வாசிக்கட்டும். பிறகு அவளே தன் காதால் தெரிந்தெடுப்பாள். இப்போதைக்கு 32 ஆயிரம்தான் முடியும் என்றாலும் கவலைப்படாதீர்கள். அதை வாங்கி, உயரத்தைச் சரிசெய்து கொடுத்தால் தாராளமாகப் பழகலாம். பாலையூற்றுப் பிள்ளை அதில்தான் ஞாயிறு பூசைக்கு வாசிக்கிறாள்.

கேள்வி: ரீச்சர், உங்கள் மேசையில் கிடக்கிற கிற்றாரின் சொந்தக்காரன் நான்தான். பிரிட்ஜுக்குக் கீழே விரல் நீளத்துக்கு வெடித்துவிட்டது. என் பழைய மலிவுக் கிற்றார் எட்டு வருடம் இதே ஹோட்டலில் கிடந்தது, ஒரு கீறல் இல்லை. காசு கூடியது இன்னும் உறுதியாக அல்லவா இருக்கவேண்டும்?
– நிலாவெளி

பதில்: தம்பி, உறுதிக்காக நீங்கள் காசு கொடுக்கவில்லை. மேலே அந்த ஐயாவுக்கு எழுதியதை வாசித்தீர்கள் என்றால், மெல்லிய முழுமரம் என்பதற்காகத்தான் அந்த விலை. மெல்லிய முழுமரம் காற்றுக்கு ஏற்ப அசையும்.

என் அப்பா ஆவணி மாதத்தில் கதவுப் பலகை பொருத்தினால் நடுவில் ஒரு தகட்டு இடைவெளி விடுவார். மார்கழி மழையில் அது தானாக மூடிக்கொள்ளும். மரம் நீளவாக்கில் கூடிக் குறைவதில்லை, அகலவாக்கில்தான். உங்கள் மேல்பலகையும் அப்படித்தான். ஆனால் அதன் அடியில் குறுக்கே சட்டங்கள் ஒட்டியிருக்கின்றன. பலகை சுருங்கப் பார்க்கிறது, சட்டம் விடாது, கடைசியில் ரேகையோடு கிழிகிறது. ஒட்டுப்பலகையில் ஒரு தகடு சுருங்கப் போனால் குறுக்கே போகிற அடுத்த தகடு பிடித்துக்கொள்ளும். உங்கள் பழைய கிற்றார் எட்டு வருடம் தப்பியது அதனால்தான்.

வைகாசியிலிருந்து காய்ந்த கச்சான் காற்று அடிக்கும்போது எங்கள் பக்கத்தில் வாசல் மரமே வாய் பிளக்கிறது. நீங்கள் பகலில் கிற்றாரை மூடிய வான் வண்டிக்குள் வைத்திருக்கிறீர்கள். பின்னேரம் ஏசி அறை, இரவு கடற்கரை. ஒரே நாளில் அந்தப் பலகை மூன்று ஊர்ச் சுவாத்தியத்தைப் பார்க்கிறது. வெயிலில் நிற்கிற வானுக்குள் பசையே இளகும், பிரிட்ஜ் கழன்று வராதது உங்கள் அதிர்ஷ்டம்.

திருத்திவிட்டேன். முதலில் பசை எடுக்கவில்லை. பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைத்து மூடி, நாலு நாள் விட்டேன். மூன்றாம் நாளே வெடிப்பு தலைமயிர் அளவுக்குத் தானாக நெருங்கிவிட்டது. பிறகு பசையை விரலால் உள்ளே தேய்த்து ஏற்றி, உட்பக்கம் நகத்தளவு ஸ்புரூஸ் துண்டு நான்கை ரேகைக்குக் குறுக்காக ஒட்டினேன். காய்ந்த நிலையிலேயே இழுத்து ஒட்டியிருந்தால் அடுத்த கச்சானில் பக்கத்தில் புதிதாக வெடித்திருக்கும். கோடு தெரியும், சத்தத்தில் ஒன்றும் தெரியாது.

இனிமேல் ஒரு பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டியில் ஏழெட்டுத் துளை போட்டு, உள்ளே பிழிந்த ஈரப் பஞ்சு வைத்துக் கிற்றார்ப் பெட்டிக்குள் போடுங்கள். கச்சான் காலத்தில் மட்டும். மாரியில் எடுத்துவிடவேண்டும். ஈரப்பதம் பார்க்கிற சின்ன மீற்றர் ஒன்றும் வாங்கி அதற்குள்ளேயே வையுங்கள், 45 வீதத்துக்கும் 55 வீதத்துக்கும் நடுவில் நின்றால் போதும். பிரெட் கம்பியின் முனை கழுத்து ஓரத்தில் விரலைக் கீறத் தொடங்கினால், கழுத்துப் பலகை சுருங்குகிறது என்று அர்த்தம். வெடிப்பு வருவதற்கு முன்னால் கிற்றார் சொல்கிற முதல் செய்தி அது.

கடற்கரையில் வாசிக்க அந்தப் பழைய ஒட்டுப்பலகைக் கிற்றாரையே கொண்டுபோங்கள். அலைச் சத்தத்துக்கும் மைக்குக்கும் நடுவில் அது போதும்.

கேள்வி: புதுக் கம்பி மாற்றி ஒரு மாதத்திலேயே துருப்பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
– உப்புவெளி

பதில்: உப்புக் காற்று, கை வியர்வை, இரண்டும்தான். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். சுவரில் தொங்கவிடாமல் பெட்டிக்குள் வையுங்கள். மேலே மெல்லிய உறை பூசிய கம்பி என்று கேட்டால் கடையில் தருவார்கள். விலை கூட, ஆனால் எங்கள் ஊரில் அது காசு மிச்சம்.

கேள்வி: நான் தச்சு வேலை செய்கிறேன். முதிரை, பலா, கருங்காலி எல்லாம் எங்கள் பக்கத்து மரங்கள். வெளிநாட்டு மரத்துக்கு இலட்சக்கணக்கில் கொடுப்பதற்குப் பதிலாக நானே ஒரு கிற்றார் செய்ய முடியாதா?
– மூதூர்

பதில்: முடியும். இந்தக் கடிதத்தை வாசித்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை எழுதத் தெரியவில்லை. ஆனால் எந்த மரம் எந்த இடத்துக்கு என்று பார்த்துப் போடவேண்டும்.

முதிரையை மேல்பலகைக்கு எடுக்கவேண்டாம். ஸ்புரூஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனம், கம்பி அதை அசைக்காது. மேல்பலகைக்கு மட்டும் பிளந்து சோடியாக விற்கிற ஸ்புரூஸை வெளியிலிருந்து எடுப்பியுங்கள். முதுகுக்கும் பக்கத்துக்கும் கழுத்துக்கும் மகோகனி நல்லது, எங்கள் நாட்டில் நட்டு வளர்த்தது கிடைக்கும், பெரிய கொம்பனிகளும் அதைப் பாவிக்கின்றன. பக்கப் பலகையை இரண்டு மில்லிமீற்றருக்குச் சீவி, நனைத்து, சூடான இரும்புக் குழாயில் மெதுவாக அழுத்தி வளைக்கவேண்டும். முதல் இரண்டு மூன்று முறை உடையும். அதற்கென்று கூடுதலாகப் பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

தச்சர்கள் பிழைவிடுகிற இடம் பிரெட் கணக்கு. கம்பியின் நீளம் 645 மில்லிமீற்றர் என்று வையுங்கள். அதை 17.817ஆல் பிரியுங்கள். 36.2 வரும், அதுதான் நட்டிலிருந்து முதல் பிரெட். மிச்சம் 608.8. அதையும் 17.817ஆல் பிரித்தால் 34.2, அது முதல் பிரெட்டிலிருந்து இரண்டாவது பிரெட்டுக்கு. இப்படியே போனால் பன்னிரண்டாவது சரியாக நடுவில், 322.5இல் வந்து நிற்கவேண்டும். நிற்காவிட்டால் எங்கோ பிழை. ஒவ்வொன்றையும் முந்தியதிலிருந்து அளக்காமல், கூட்டி எடுத்து எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். குறி தவறினால் காதுக்குத் தெரியும்.

பிரிட்ஜுக்கும் விரல் பலகைக்கும் கருங்காலிக்கு மேல் ஒரு மரம் இல்லை. உலகம் முழுவதும் கிற்றார் செய்கிறவர்கள் தேடுகிற மரம் அது. ஆனால் காட்டில் கை வைக்கவேண்டாம், அனுமதி இல்லாமல் வெட்டவோ கொண்டுபோகவோ முடியாது, மிச்சம் இருப்பதும் கொஞ்சம். பழைய வீட்டுச் சாமான் உடைத்து விற்கிற இடங்களில் தேடுங்கள். அம்மம்மாவின் சாய்மனைக் கதிரையில் முறிந்துபோன ஒரு கால் எங்கள் வீட்டுப் பின் அறையில் வெகுகாலம் கிடந்தது. அதை அறுத்தபோது உள்ளே ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லாமல் கன்னங்கரேல் என்று இருந்தது. அதில் இரண்டு பிரிட்ஜ் எடுத்தேன். ஒன்று என்னுடைய கிற்றாரில் இருக்கிறது. மற்றது இன்னும் ஒட்டாமல் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. மேல்பலகையும் சட்டமும் முடிந்ததும் கொண்டுவாருங்கள், இரண்டு பேருமாகத் தட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டு அதை உங்களுடையதில் ஒட்டுவோம்.